பின்வரிசையில் உட்கார்ந்து படித்த நரம்பியல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையில் ஏதாவது ஒரு ஹோட்டல் ஹாலில் நரம்பியல் சி.எம்.இ., அதாவது டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கூட்டம், நடந்துகொண்டிருக்கும். முன்வரிசையில் பெரிய டாக்டர்கள், நடுவில் டி.எம். என்ற நரம்பியல் மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகள், கடைசியில் காபி மேசைக்குப் பக்கத்தில் எங்களைப் போல நாலைந்து பேர். நாங்கள் டெக்னீஷியன்கள். இ.இ.ஜி. (மூளை அலை), என்.சி.எஸ். (நரம்பின் வேகம்), இ.எம்.ஜி. (தசை), எவோக்டு பொட்டன்ஷியல் (தூண்டினால் எழும் சிக்னல்) என்று மூளையிலும் நரம்பிலும் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்து கொடுப்பவர்கள். வாசலில் கையெழுத்துப் போடும்போது மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே போவோம்.

டாக்டர்களுக்கு இது கடமை. ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. என் வேலைக்காலத்தில் எங்களிடம் யாரும் அப்படி மணிக்கணக்கு கேட்டதில்லை. வந்தால் வரலாம், வராவிட்டால் தேட மாட்டார்கள்.

இதில் என் கட்சி ஒன்றுதான். நரம்பியல் பரிசோதனையில் பாதி விஷயம், ரிப்போர்ட் எழுதும் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எலக்ட்ரோடு ஒட்டும் கையில், நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வியில், ஏன், ஏ.சி. ரிமோட்டில் கூட. ஆனால் தொடர்கல்விக்கு ஆகும் காசும் நேரமும் பெரும்பாலும் பதிவைப் படிப்பவருக்கே போகிறது. பதிவை எடுப்பவருக்கு மிச்சம் மீதி.

இந்த ஊரில் ஆரம்பம் அப்படி இல்லை. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் பிறந்தபோது அந்த இருவரோடு கூட நின்றவர்கள் இன்னும் இருவர்: நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், அப்புறம் எஸ்.டி. நரசிம்மன். நரசிம்மன் இ.இ.ஜி. ஆள். நால்வரில் ஒருவர்! லேபுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடுவேன். பின்வரிசையில் உட்காரும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரட்டுமே என்று.

சரி, கையில் நடக்கும் விஷயத்துக்கு வருவோம்.

ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிந்தது 1924-இல். வெளியிட்டது 1929-இல்தான். தான் பார்ப்பது மூளையா, வேறெங்கிருந்தோ வரும் குறுக்கீடா என்ற சந்தேகம் அவருக்கே தீரவில்லை. நூறு வருஷம் ஆகிவிட்டது, எங்கள் அறையில் அந்தச் சந்தேகம் இன்னும் தினசரி வேலை. திரையில் கூராக ஒன்று எழும்பினால் முதலில் மூளையை நினைக்கக் கூடாது. கண் சிமிட்டினாரா, பல்லைக் கடித்தாரா, வயர் ஆடியதா, வேர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டால், அலைகள் எல்லாம் மெதுவாக மேலும் கீழும் ஊசலாட ஆரம்பிக்கும். இது சித்திரை வைகாசியில் சென்னை லேபுகளின் தலையெழுத்து.

அதைவிடப் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி அச்சடித்த சீட்டு கொடுப்போம். ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை பளபளவென்றுதான் இருக்கும். "எண்ணெய் வைக்காம எப்படிம்மா வெளியில கூட்டிட்டு வர்றது, சூடு ஏறிடாது?" என்று அம்மாக்கள் என்னையே திருப்பிக் கேட்பார்கள். வகிடு வகிடாக முடியைப் பிரித்து, பஞ்சில் ஜெல் தொட்டுத் தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை அழுத்துவேன். எல்லா எலக்ட்ரோடிலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும் வரை விடக் கூடாது. எண்ணெய்த் தலையில் அது இறங்கவே இறங்காது. முன்நெற்றி எலக்ட்ரோடு இரண்டும் புருவத்துக்கு மேலே, விபூதி இருக்கும் இடத்திலேயே வரும். வயதானவர்களிடம் "கொஞ்சம் துடைச்சுக்கட்டுமா பாட்டி, முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். இதையெல்லாம் எந்த ஸ்லைடிலும் போட மாட்டார்கள்.

ஸ்லைடில் இருக்கும், ஆனால் கையில் வராத விஷயம் ஒன்று உண்டு: அளக்கும் டேப். எலக்ட்ரோடுகளை எங்கே ஒட்டுவது என்று சொல்லும், ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட 10-20 முறை எளிமையானது. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு மேடு வரை அளக்க வேண்டும். 36 செ.மீ. வந்தால், முதல் புள்ளி அதில் பத்து சதவீதம், 3.6 செ.மீ.யில், அடுத்தடுத்தவை இருபது சதவீதம், 7.2 செ.மீ. தள்ளி. அதேபோல ஒரு காதிலிருந்து மறு காதுக்கு, பிறகு தலையைச் சுற்றி. பென்சிலால் குறித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். கூட்டம் இருக்கும் லேபில் அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் கிடையாது, அதனால் கண்ணளவிலேயே ஒட்டிவிடுவார்கள். இடது பக்கம் இரண்டு எலக்ட்ரோடுகள் அரை இஞ்ச் நெருங்கிவிட்டால் அந்தப் பக்கம் அலையின் உயரம் குறையும். படிக்கும் டாக்டர் நல்லவர்தான், படித்தவர்தான். அவர் பார்ப்பது இடது பக்கம் அலை அமுங்கியிருக்கிறது என்று. அடுத்த வாரமே அந்த நோயாளி எம்.ஆர்.ஐ. எடுக்கப் பணம் புரட்டிக்கொண்டிருப்பார்.

என்.சி.எஸ். பக்கம் வந்தால் விஷயம் இன்னும் வேடிக்கை. கையில் சின்னதாக ஷாக் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று அளப்பதுதான் சோதனை. நரம்புக்குக் குளிர் ஆகாது. தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் விநாடிக்கு சுமார் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் வரை குறையும். கையில் 32 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பாடம். இப்போது நம் ஊர் ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே காத்திருக்கும் இடத்தில் ஏ.சி. பதினெட்டில் ஓடும். சர்க்கரை நோயாளி ஒரு அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வருகிறார். கை ஐஸ் மாதிரி இருக்கிறது. அப்படியே சோதித்தால் மணிக்கட்டில் சிக்னல் தாமதமாகத்தான் வரும். "கார்ப்பல் டனல்", அதாவது மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறது என்று எழுதிவிடலாம். எழுதுகிறார்கள்.

தெரிந்த கைக்கு இதில் துப்பு கிடைக்கும். குளிரில் நரம்பு தாமதிக்கும், ஆனால் உணர்வு நரம்பின் அலை உயரம் குறையாது, கூடும். கூடவே அகலமாகும். நிஜமாகவே அமுங்கிக் கெட்ட நரம்பில் உயரம் போகப்போகக் குறையத்தான் செய்யும். அப்புறம், கார்ப்பல் டனல் என்றால் கட்டைவிரல் பக்கத்து மீடியன் நரம்பு மட்டும் தாமதிக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து அல்நார் நரம்பும் சேர்ந்து தாமதித்தால் முதலில் ஏ.சி.யைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் லேபில் ஹாட் வாட்டர் பேக் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். தொட்டுப் பார்த்து, வெப்பமானி வைத்து, தேவைப்பட்டால் பதினைந்து நிமிஷம் சூடு வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். இதை நான் கற்றது ஒரு பெரிய மாநாட்டில் அல்ல. நாலு பேர் மட்டும் இருந்த ஒரு பயிற்சியில், சொல்லிக்கொடுத்த டாக்டர் தன் கையை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து எங்களிடம் நீட்டி, "எடுங்க பார்ப்போம்" என்றார். வேகம் சரிந்தது. துண்டால் துடைத்துச் சூடு வைத்து மறுபடி எடுத்தோம். ஏறியது. அதற்கு மேல் ஒரு ஸ்லைடும் வேண்டியிருக்கவில்லை.

தொடர்கல்வி என்றால் புதிதாக எதையாவது கண்டுபிடிக்கக் கற்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இ.இ.ஜி.யில் எனக்கு அதிகம் பயன்பட்ட பாடம் நேர் எதிர். நோய் மாதிரி தோன்றுவதை நோய் இல்லை என்று விட்டுவிடக் கற்றது.

மனித மூளை தூக்கக் கலக்கத்தில் என்னென்னவோ வரையும். அதில் ஒன்று விக்கெட் ஸ்பைக். முப்பது வயது தாண்டியவர்களுக்கு, கண் செருகும் நேரத்தில், காதுப் பக்கத்து நெற்றிப்பொட்டுப் பகுதியில் விநாடிக்கு ஆறிலிருந்து பதினொன்று வரை கூர் கூராக வரும். தனியாக ஒன்று எழும்பினால் அசல் வலிப்பு அலை போலவே இருக்கும். ஆனால் அசலுக்குப் பின்னால் பெரும்பாலும் மெதுவான அலை ஒன்று தொடரும், பின்புலத்தைக் கலைக்கும். விக்கெட் அப்படி ஒன்றும் செய்யாது. வந்த சுவடு தெரியாமல் போய்விடும். 2017-இல் சர்வதேச மருத்துவ நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு, ஒரு அலையை வலிப்புக்குரியது என்று சொல்ல ஆறு அளவுகோல்களை எழுதிவைத்தது. கூராக இருக்கிறதா, பின்புல அலையிலிருந்து நீளம் மாறுபடுகிறதா, இரு பக்கச் சரிவும் சமமில்லாமல் இருக்கிறதா, பின்னால் மெதுவலை உண்டா, பின்புலம் கலைகிறதா, தலைமேல் அது பரவியிருக்கும் விதம் மூளைக்குள்ளிருந்து வருவதைக் காட்டுகிறதா. கடைசிக் கேள்வி எங்கள் தலையில்தான் விழுகிறது. எலக்ட்ரோடு இடம் மாறியிருந்தால் பரவலும் மாறிவிடுமே.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், கோயில் கூட்டத்தில் நீண்ட நேரம் நின்று மயங்கி விழுந்தவர். வேறெங்கோ எடுத்த இ.இ.ஜி.யில் "இடது பொட்டில் கூரலைகள்" என்று எழுதியிருந்தது. வருஷக்கணக்கில் மாத்திரை. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் பேச்சு நின்றுபோனது. டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தோடு கொடுக்கும் படிவத்தில் வலிப்பு உண்டா என்று கேட்டிருப்பதைப் பார்த்து அதையும் விட்டுவிட்டார். எங்களிடம் வந்தபோது அந்தப் பழைய பதிவையும் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதைத் திரையில் ஓடவிட்டு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். விக்கெட். விழுவதற்கு முன் கண் இருட்டியது, காது அடைத்தது, உட்கார வைத்ததும் உடனே தெளிந்தது என்று, டாக்டர் கேட்கக் கேட்க, அந்த நோயாளி கதையைச் சொன்னார். வலிப்பு அல்ல, சாதாரண மயக்கம். இந்தக் கேள்விகளை முன்பே யாராவது கேட்டிருந்தால் இ.இ.ஜி. வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்.

இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது. அதை எடுத்தது 1999-இல்தான். சட்டம் எடுத்துவிட்டது, சம்பந்தம் பேசும் வீடுகள் இன்னும் எடுக்கவில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துதான் பதிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே வலிப்பு உள்ளவர்களிலும் முதல் முறை எடுக்கும் சாதாரண இ.இ.ஜி. சுமார் பாதிப் பேருக்குத்தான் எதையாவது காட்டும். நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முந்தின இரவு தூங்காமல் வந்தால், சோதனையின்போது கொஞ்சம் தூங்கினால், கிடைக்கும் வாய்ப்பு கூடும். மூன்று நிமிஷம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வதும் அதற்காகத்தான். குழந்தைகளுக்கு ஒரு காகிதக் காற்றாடியைப் பிடித்து ஊதச் சொன்னால் போதும், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள். சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதய நோய் தீவிரமாக உள்ளவர்களுக்கும் இதைச் செய்யக் கூடாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் எங்கள் வேலை.

சில சமயம் கட்டிலிலேயே ஃபிட்ஸ் வந்துவிடும். அந்த நிமிஷத்தில்தான் பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் பெறாதவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். பெறாதவர் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார். கூட வந்தவர், நோயாளியின் கையில் சாவியைத் திணிக்கப் போவார். பயிற்சி பெற்றவர் பெல்லை அழுத்திவிட்டு, போர்வையை விலக்கி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கேமரா மறையாமல் தள்ளி நிற்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "மாம்பழம், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று ஒரு சொல்லைக் கொடுப்பார். தெளிந்ததும், என்ன சொன்னேன் என்று கேட்பார். மாம்பழம் என்று சொல்லிவிட்டால் நினைவு இருந்திருக்கிறது. அந்த ஒரு பதிலை வைத்து டாக்டர் வலிப்பின் வகையையே மாற்றி எழுதலாம். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கை கால் வெட்டும் ஃபிட்ஸ் ஐந்து நிமிஷம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது, அவசர சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2015-இல் சர்வதேச வலிப்புக் கழகம் வகுத்த வரையறை.

அந்தக் கழகம் வகைப் பெயர்களையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2017-இல் ஒரு முறை, 2025-இல் இன்னொரு முறை. பின்வரிசையில் நாங்கள் முணுமுணுப்போம், ஆனால் எங்கள் குறிப்புத் தாளிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். பழைய பெயரில் நாங்கள் எழுதி, புதிய பெயரில் டாக்டர் படித்தால் குழப்பம் நோயாளிக்கு.

சிகிச்சைப் பக்கம் நடக்கும் உரைகளை நான் வாய் பிளந்து கேட்பவள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995-இல் காட்டினார்கள். 2008-இல் அது நாலரை மணி ஆனது. 2015-இல் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பது நிலைபெற்றது. 2018-இல், தேர்ந்தெடுத்த சிலருக்கு இருபத்து நாலு மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்றானது. இதையெல்லாம் டாக்டர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. முன்வரிசை அவர்களுக்குத்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு எங்கள் பங்கைப் பற்றியது. கொரோனாவுக்குப் பிறகு வெபினார்கள் குவிந்துவிட்டன. தாம்பரம் ரயிலில் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நானும் கேட்கிறேன். நல்லவை இருக்கின்றன. ஆனால் ஊசி எலக்ட்ரோடு வைக்கும்போது எவ்வளவு ஆழம் என்பதை ரயிலில் கற்க முடியாது. தவில் கற்பது போலத்தான் இது, பக்கத்தில் உட்கார்ந்து தட்டினால்தான் கை பழகும். எங்களுக்கு வேண்டியது ஒரு மிஷின், ஒரு தலை, சுற்றி நாலு பேர், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஒரு ஆசிரியர். எங்கள் லேபில் சனிக்கிழமை மதியம் டாக்டர் எங்களோடு உட்கார்ந்து அந்த வாரத்தின் மோசமான பதிவுகளை மட்டும் ஓட்டிப் பார்க்கிறார். பெயரை மறைத்துவிடுவார், யார் எடுத்தது என்று கேட்க மாட்டார். வடையும் டீயும் அவர் செலவு. என்னைக் கேட்டால் சென்னையிலேயே சிறந்த சி.எம்.இ. அதுதான், ஆனால் அதற்கு யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள்.

2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் எங்கள் தொழிலையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவேடு வந்தால், அதோடு எங்களுக்கும் தொடர்கல்வி மணிக்கணக்கு வர வேண்டும், அந்த மணிகளை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பல இடங்களில் சி.எம்.இ.க்குப் போனால் சம்பளம் பிடிப்பார்கள், பதிவுக் கட்டணமும் நம் கையிலிருந்து. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசும் பயணச் செலவும் கொடுக்கக் கூடாது என்று 2024-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது சிலர் அங்கலாய்த்தார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, யாரும் ஒரு பேனாகூடக் கொடுத்ததில்லை.

போன முறை லேபிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்றார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணை அனுப்பினேன். ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன்: என்.சி.எஸ்.ஸில் நார்மல் என்று நாம் ஒப்பிடும் எண்கள் எங்கே, யாரிடம், எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை? உயரமான வெள்ளைக்காரர்களிடம் எடுத்ததை நம் ஊர்ப் பாட்டிமாருக்கு வைத்துப் பார்க்கலாமா? அவள் எழுந்து கேட்டிருக்கிறாள். மேடையில் இருந்தவர், அமெரிக்க நரம்புத்தசை, மின்நோயறிதல் மருத்துவச் சங்கம் 2016-இல் தொகுத்த எண்களில் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற வித்தியாசம் இருப்பதைச் சொல்லிவிட்டு, "உங்க லேப்ல எதை வெச்சுப் பார்க்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டாராம்.

எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை மிஷினோடு வந்தது. கம்பெனி பெயர் இருக்கிறது, மூலம் இல்லை. திங்கட்கிழமை வந்ததும் அவள் அதைக் கிழித்தெடுத்து டாக்டர் மேசையில் வைத்துவிட்டாள். இப்போது லேபில் வேலை செய்பவர்கள், வார்டு பாய், கேண்டீன் அக்கா என்று நோயில்லாதவர்களாகப் பார்த்துச் சம்மதம் கேட்டுக் கை நரம்புகளை அளந்துகொண்டிருக்கிறோம். கேண்டீன் அக்காவின் கை மட்டும் எப்போதும் சூடாகவே இருக்கிறது, ஹாட் வாட்டர் பேக் தேவைப்படவில்லை.